முதியோர் இல்லச் சமையலறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தேங்காய்ச் சட்னி காலை ஆறரைக்கு அரைத்தது. அன்று தாமதமாக எழுந்த ஒரு பாட்டிக்கு, பதினொன்றரை மணிக்கு இரண்டு இட்லியோடு அதே சட்னி போயிருந்தது. தட்டெடுக்கப் போன நான் கிண்ணத்தில் மீந்திருந்ததை முகர்ந்து பார்த்தேன். நுரை கட்டி, புளிவாடை அடித்தது. "சட்னி எப்படி இருந்துச்சு பாட்டி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு" என்றார்.

கோவைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறைப் பொறுப்பில் இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது இந்தச் சட்னிக் கதையைத்தான். வயதாக வயதாக மூக்கும் நாக்கும் மங்கிவிடும். சில மாத்திரைகள் வாய்ச்சுவையையே மாற்றிவிடும். மறதி நோய் உள்ளவர்களுக்குக் கெட்டதா நல்லதா என்று சொல்லத் தெரியாது. தெரிந்தவர்களும் பல நேரம் சொல்லமாட்டார்கள். பிறர் கையில் சாப்பிடுகிறோம், குறை சொல்லக்கூடாது என்கிற கூச்சம் அவர்களுக்கு. வீட்டில் சாம்பார் ஊசிப்போனால் யாராவது ஒருவர் முகம் சுளிப்பார், தட்டை ஒதுக்குவார். இங்கே அந்த முகச்சுளிப்பு வராது. அந்த வேலையையும் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

உடம்பும் அப்படித்தான். வயிற்றில் அமிலச் சுரப்பு குறைந்திருக்கும். பலர் வாயுத்தொல்லைக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையும் போடுவார்கள். கிருமியைக் கொல்லும் முதல் காவல் அங்கேயே தளர்ந்துவிடுகிறது. நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு என்றால் ஒரு நாள் லீவு. எண்பது வயதுக்காரருக்கு அதே வயிற்றுப்போக்கு நீர்ச்சத்தை வற்றவைத்து, ரத்த அழுத்தத்தை இறக்கி, பாத்ரூம் போகிற வழியில் விழவைத்து, இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஊசிப்போன சாப்பாட்டை மூக்கு கண்டுபிடிக்கும். நோய் தரும் கிருமி பெருகிய சாப்பாட்டில் வாசனையும் மாறாமல், சுவையும் மாறாமல் இருக்கலாம். 1984 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரில், ஸ்டான்லி ராய்டு என்ற மனநல மருத்துவமனையில் வெந்த மாட்டிறைச்சியைப் பல மணி நேரம் ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்துப் பரிமாறினார்கள். சால்மோனெல்லா என்ற கிருமி பரவி 19 நோயாளிகள் இறந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அந்த நாட்டில் அரசு மருத்துவமனைச் சமையலறைகளுக்கு உணவுச் சட்டத்திலிருந்து அதுவரை இருந்த விலக்கையே அதன்பிறகு எடுத்துவிட்டார்கள். அந்த இறைச்சியை வெட்டிப் பரிமாறியவர்கள் யாரும் தெரிந்து செய்திருக்கமாட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும்.

சேருவதற்கு முன்பு

நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும், 2011-இல் வந்த விதிமுறைகளில் சுத்தத்தைப் பற்றிச் சொல்லும் நான்காம் அட்டவணையும்தான் அடிப்படை. உணவைக் கையாளுகிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவைக் கையாளுகிறவர்களுக்கு நடத்தும் ஃபோஸ்டாக் பயிற்சிக்கு இல்லம் அனுப்பினால் தட்டாமல் போய்வாருங்கள். பரிசோதனையில் மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண், காதில் சீழ், அடிக்கடி வரும் கட்டி எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புண் ஆறும்வரை ஸ்டோர் கணக்கு, காய் வாங்கப் போவது என்று சமைத்த சாப்பாட்டைத் தொடாத வேலைகள் எவ்வளவோ இருக்கின்றன.

உள்ளே நுழையும்போது

வெளிச்செருப்பு வாசலோடு. உள்ளே ரப்பர் செருப்பு, அது வழுக்காததாக இருக்கட்டும். கழிவறைக்குத் தனிச் செருப்பு. செல்போன் அலமாரியில். மாவு பிசைந்த கையோடு போனை எடுப்பதும், போனைத் தொட்ட கையால் அப்பளம் எடுத்துவைப்பதும் எல்லா இடத்திலும் நடக்கிறது. அதனால் போன் உள்ளேயே வரக்கூடாது என்பது எங்கள் ஏற்பாடு.

பெண்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள். வளையலிலும் தாலிக்கொடியிலும் ஊக்கு மாட்டி வைத்திருப்போம். அவசரத்துக்கு உதவும் என்று நம் அம்மா காலத்துப் பழக்கம். சமையலறைக்கு வரும்போது அந்த ஊக்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கூட்டு கிளறும்போது ஓர் ஊக்கு உள்ளே விழுந்தால், பல் இல்லாத வாய் அதை உணராமலே விழுங்கிவிடும். கண்ணாடி வளையலும் அப்படியே. தாலியைக் கழற்றச் சொல்ல மாட்டேன், ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கல் வைத்த மோதிரம் வேண்டாம். தலையில் பூ வைத்திருந்தால் அதையும் சேர்த்து மூடும்படி வலைத்தொப்பி போடுங்கள். ஒற்றை மல்லிகை இதழ் ரசத்தில் மிதந்தால் எடுத்துப் போட்டுவிடலாம், கூடவே விழுந்த முடி கண்ணுக்குத் தெரியாது.

முந்தானை. இதைப்பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேச வேண்டும். காலை ஐந்து மணி ஷிப்டில் புதிதாக வந்த ஒருவரை ஒரு நாள் முழுக்கக் கவனித்தேன். மூக்கைத் துடைத்தது முந்தானையில். ஈரக் கையைத் துடைத்தது அதில். சூடான குக்கர் மூடியைப் பிடித்தது அதில். கடைசியில் டம்ளரின் உள்பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்துவிட்டுப் பால் ஊற்றியதும் அதே முந்தானையில். அவர் சோம்பேறி அல்ல, அழுக்கானவரும் அல்ல. நாற்பது வருடம் வீட்டில் அப்படித்தான் சமைத்திருக்கிறார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி ஆரோக்கியமானவர்களைத் தொந்தரவு செய்யாது. உணவில் விழுந்து, வெதுவெதுப்பில் சில மணி நேரம் கிடந்தால் நஞ்சைச் சுரந்துவிடும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. ஆகவே முந்தானையை இடுப்பில் செருகி, மேலே ஏப்ரன் கட்டிவிடுங்கள். பாத்திரம் பிடிக்கத் தனிப் பிடிதுணி, கைதுடைக்கக் காகிதம். டம்ளர், தட்டுகளைத் துடைக்கவே வேண்டாம்; கவிழ்த்துவைத்தால் தானே காய்ந்துவிடும்.

கை கழுவுவது

கையையும் மணிக்கட்டையும் நனைத்து, சோப்புப் போட்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி எல்லாம் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். தேய்க்கிற நேரம் மட்டும் 20 நொடி. ஒன்றிலிருந்து இருபதுவரை நிதானமாக எண்ணுங்கள். எல்லோரும் விட்டுவிடுவது கட்டைவிரலையும் நகநுனியையும்தான், கிருமி அதிகம் தங்குவதும் அங்கேதான். குழாயை மூடும்போது கழுவிய கையால் திருகாமல் காகிதத்தால் பிடித்து மூடுங்கள், அல்லது முழங்கையால் தள்ளும் குழாய் போட்டுத்தரச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள்.

எப்போதெல்லாம் கழுவ வேண்டும்? உள்ளே வந்ததும், கழிவறை போய்வந்ததும், பச்சை இறைச்சி, முட்டை, மண் ஒட்டிய காய் தொட்ட பிறகு, குப்பையைக் கொட்டிய பிறகு, இருமி, தும்மி, மூக்கைத் தொட்ட பிறகு, காசு வாங்கிக் கொடுத்த பிறகு, பரிமாறுவதற்கு முன்பு. சானிடைசர் தடவினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வாந்திபேதியைப் பரப்பும் நோரோவைரஸை அது சரியாகக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான். கையுறையும் அப்படித்தான், ஒரே கையுறையோடு கதவு, மூக்கு, இட்லி என்று மாறிமாறித் தொட்டால் அது வெறும் பிளாஸ்டிக் தோல்.

ருசி பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவது நம் ஊர் வழக்கம். கரண்டியை வாயில் வைப்பதைவிட அது நல்லதுதான். ஆனால் நக்கிய கையைக் கழுவாமல் மறுபடி கரண்டியைப் பிடித்தால் எல்லாம் வீண். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் சின்ன ஸ்பூன்கள் வையுங்கள். ஒருமுறை ருசி பார்த்த ஸ்பூன் நேராகக் கழுவும் தொட்டிக்கு.

சிறிய இல்லங்களில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஆள் பற்றாக்குறையால், டயாபர் மாற்றிய ஆயாவே பத்து நிமிடத்தில் சாப்பாடும் ஊட்டுவார். இதைப் பேசத் தயங்குவார்கள், நான் பேசிவிடுகிறேன். சமைக்கிறவர் அந்த ஷிப்டில் கழிவு வேலை செய்யவே கூடாது. ஊட்டுகிறவர் வேறு வழியில்லாமல் இரண்டையும் செய்தால், இரண்டுக்கும் வேறு நிற ஏப்ரன். நடுவில் முழங்கைவரை சோப்பு. எங்களிடம் நீலம் கழிவு வேலைக்கு, மஞ்சள் சாப்பாட்டுக்கு. நீல ஏப்ரன் சமையலறை வாசற்படியைத் தாண்டாது.

உடம்பு சரியில்லை என்றால்

வாந்தியோ பேதியோ வந்தால் அது நின்று 48 மணி நேரம் முடிகிறவரை சமையலறைக்கு வராதீர்கள். நின்றவுடனே தெம்பாக இருப்பதுபோல இருக்கும், ஆனாலும் கிருமி வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். மஞ்சள்காமாலை, டைபாய்டு என்றால் மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகுதான். விரல் வெட்டுப்பட்டால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி, அதன்மேல் கையுறை. பிளாஸ்திரி நீல நிறத்தில் கிடைக்கும். நாம் சமைப்பதில் நீல நிறம் எதுவும் இல்லை, கழன்று விழுந்தால் உடனே தெரிந்துவிடும். லீவு போட்டால் கூலி போகும் என்கிற பயத்தை நிர்வாகம்தான் போக்க வேண்டும். உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் பிடிக்கிற இல்லத்தில் நோயை மறைக்கத்தான் செய்வார்கள்.

சோறும் சாம்பாரும் கடிகாரமும்

ஒரு தெர்மாமீட்டர் வாங்கச் சொல்லுங்கள், உணவுக்குள் குத்திப் பார்க்கும் ஊசி வைத்தது. இந்த மூன்று எண்களை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: 5, 60, 75. எல்லாம் செல்சியஸில். ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குள். சூடாக வைத்திருக்கும் உணவு 60 டிகிரிக்கு மேல். வேகும்போதும், திரும்பச் சூடாக்கும்போதும் நடுப்பகுதி 75 டிகிரி. ஐந்துக்கும் அறுபதுக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகும். ஆறிய சாதம், ஆறிய சாம்பார், மதியம் வெளியே கிடக்கும் தயிர்சாதம், எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

சோற்றை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கும். கொதியில் அவை சாகாது. சோறு மெல்ல ஆறும்போது முளைத்து, பெருகி, வாந்தி வரவைக்கும் நஞ்சைச் சுரக்கும். மறுநாள் தாளித்து எலுமிச்சை சாதம் ஆக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சாம்பார், குருமா, கறிக்குழம்புக்கு வேறொரு எதிரி: கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ். காற்றுப் புகாத அண்டாவின் அடியில், வெதுவெதுப்பில், சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். பெரிய அண்டா ஆற எத்தனை நேரமாகும் என்று கைவைத்துப் பாருங்கள். மதியம் ஒரு மணிக்கு இறக்கிய 30 லிட்டர் சாம்பாரின் நடுப்பகுதி சாயங்காலம்கூட வெதுவெதுவென்றுதான் இருக்கும். இரவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மூடிபோட்டு ஓரமாக வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே ஆபத்தான பழக்கம்.

எனவே வேளைக்கு வேளை அளவாகச் சமையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய உணவு ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்க வேண்டும், அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குப் போயிருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கொட்டிவிடுங்கள். கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சங்கடம் எனக்கும் இருக்கிறது, அதனால்தான் அளக்கிறேன். எத்தனை பேர், யார் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், மீதி பாதியாகக் குறையும். தப்பித்தவறிக் குளிரவைத்தே ஆக வேண்டுமென்றால், அண்டாவிலிருந்து அகலமான தட்டங்களில் இரண்டு அங்குல ஆழத்துக்குமேல் போகாமல் பரப்பி, குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திக் கிளறுங்கள். இரண்டு மணி நேரத்தில் 21 டிகிரிக்கு வந்து, அடுத்த நான்கு மணி நேரத்தில் 5 டிகிரிக்குப் போக வேண்டும்.

பழைய சோறு கேட்கிற தாத்தாக்கள் எங்களிடம் இருக்கிறார்கள். நீராகாரமும் சின்ன வெங்காயமும் அவர்களுக்கு வெறும் உணவல்ல, அவர்கள் நடந்து வந்த வயல். முப்பது பேருக்கு இரவு முழுக்க ஊறவைத்த சோற்றை என்னால் நம்பிப் பரிமாற முடியாது. புதிதாகக் குழைய வடித்த சோற்றை ஆறவைத்து, அன்று உறைந்த தயிரில் கடைந்த மோர் ஊற்றி, உப்புப் போட்டுப் பிசைந்து உடனே தருகிறேன். "பழசு மாதிரியே இருக்குதுங்க" என்று ஒருவர் சொன்னார். அதே இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு கோழிக்கு இரண்டே வார்த்தை. காய்களை முதலில் நறுக்கி முடித்து எடுத்துவிட்டு, கடைசியில் கோழி. கோழிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. குழாயடியில் மஞ்சள் போட்டு அலசினால் சாரல் இரண்டு அடிக்குத் தெறிக்கும், சட்னித் தேங்காய்மேலும் விழும். அலசாமல் மனசு ஒப்பவில்லை என்றால், பின்கட்டுத் தொட்டியில், தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து மெதுவாக அலசி, தொட்டியைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஃபிரிட்ஜில் பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில், சமைத்தது மேலே. முட்டை முழுவதும் வெந்ததுதான், ஆஃபாயில் கிடையாது.

மிக்ஸி உணவும் மூக்குக்குழாய் உணவும்

விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அரைத்துக் கொடுக்கிறோம். மற்ற எல்லா உணவையும்விட இதில்தான் கவனம் அதிகம் வேண்டும், ஏனென்றால் வெந்த பிறகு மறுபடி ஒரு பாத்திரத்துக்குள் போகிறது. மிக்ஸி ஜாரின் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். தினமும் கழுவிய ஜாரிலேயே கறுப்பாக, வழவழவென்று ஒரு கோடு ஓடும். அது பூஞ்சையும் பழைய உணவும். ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கழற்றி, பிளேடின் அடியைப் பிரஷால் தேய்த்து, கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்துவையுங்கள். இந்த உணவுக்கென்று தனி ஜார் இருக்கட்டும், மசாலா அரைக்கிற ஜார் வேண்டாம். அரைத்த பிறகு மறுபடி 75 டிகிரிக்குச் சூடாக்கி, ஆற்றி, உடனே ஊட்டுங்கள். சாதம், பருப்பு, கேரட் எல்லாவற்றையும் ஒன்றாக அரைக்காதீர்கள். தனித்தனியாக அரைத்து, தட்டில் மூன்று நிறமாக வையுங்கள். சாப்பிடுகிறவருக்கும் கண் உண்டு.

ரைல்ஸ் டியூப், அதாவது மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் கொடுக்கும் கஞ்சியை மருத்துவரோ உணவியல் வல்லுநரோ எழுதிக்கொடுத்த அளவில் மட்டும் செய்யுங்கள். வேளைக்கு வேளை புதிதாக. ஃபிளாஸ்க்கில் காலையிலேயே ஊற்றி நாள் முழுக்க வைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான் கலக்க. குழாயில் ஊற்றுவது செவிலியர் வேலை, நம் வேலை சுத்தமாகச் செய்து, நேரம் எழுதி ஒட்டி, கையில் கொடுப்பதோடு முடிகிறது.

வெளியிலிருந்து வரும் சாப்பாடு

பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று அன்னதானம் வரும். நல்ல மனதோடுதான் கொண்டுவருகிறார்கள். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு வரவேற்பில் மீந்த வெஜிடபிள் பிரியாணி இரவு பத்தரைக்கு வேனில் வந்தது. வாங்கி வைத்தது நான். ஃபிரிட்ஜில் இடமில்லை என்று அண்டாவோடு மூடிவைத்தோம். காலையில் சூடாக்கிப் பரிமாறினோம். மதியத்துக்குள் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு ஐயாவை நான்கு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். அவர் திரும்பி வந்து என்னைப் பார்த்து, "உன்மேல தப்பில்ல சாமி" என்றார். தப்பு என்மேல்தான்.

இப்போது வாசலிலேயே கேட்கிறேன்: எப்போது சமைத்தது, இதுவரை எங்கே, எப்படி இருந்தது, தேங்காய், பால், தயிர் சேர்ந்ததா. பிறகு தெர்மாமீட்டரைக் குத்துகிறேன். 60 டிகிரிக்குக் கீழே இருந்தால் வாங்குவதில்லை. வாங்கினால் அந்த வேளையோடு சரி, அடுத்த வேளைக்கு வைப்பதில்லை. மீந்த உணவைப் பெற்று வழங்குவதற்கென்றே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2019-இல் தனி விதிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது, மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்படாதீர்கள். "அரிசி, பருப்பு, எண்ணெயா கொடுங்க, உங்க பேரைச் சொல்லி நாங்களே சூடா சமைச்சுப் போடறோம், நீங்களும் வந்து பரிமாறுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறார்கள்.

இரவு மூடுவதற்கு முன்பு

மேடை, பலகை, கத்தி எல்லாவற்றையும் முதலில் சோப்பால் கழுவுங்கள், அதன்பிறகுதான் கிருமிநாசினி. எண்ணெய்ப் பிசுக்கின்மேல் எதை ஊற்றினாலும் வேலை செய்யாது. சோடியம் ஹைப்போகுளோரைட் பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி போதும். அன்றன்று கலக்குங்கள். யாராவது வாந்தி எடுத்த இடத்துக்கு லிட்டருக்கு 20 மில்லி. கழிவறை கழுவும் ஆசிட்டோடு இதை எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். பிடிதுணிகளைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்துங்கள். அரிசி மூட்டை தரையிலிருந்து அரை அடி உயரப் பலகையில் இருக்கட்டும், சுவரை ஒட்டாமல். எலியும் கரப்பானும் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கண்ணில் படும்.

கடைசியாக மாதிரி டப்பாக்கள். அன்று பரிமாறிய ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, கொதிநீரில் கழுவிய சின்ன எவர்சில்வர் டப்பாவில் எடுத்து, தேதி, வேளை எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜின் மேல்தட்டில் 48 மணி நேரம் வையுங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் எதனால் என்று தேட அதுதான் துணை. அதை வைத்துவிட்டு, ஃபிரிட்ஜின் டிகிரியை நோட்டில் எழுதி, உங்கள் பெயரைப் போட்டுவிட்டு விளக்கை அணையுங்கள். மின்சாரம் போயிருந்தால் எத்தனை மணிக்குப் போனது என்றும் எழுதுங்கள். திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். காலை ஷிப்டுக்கு வருகிறவர் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் பாலை வைத்துக்கொள்வதா கொட்டுவதா என்று முடிவு செய்வார்.